ஏச்சு போய்ச் சேரும் இடம்

மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஜப்பானின் உதவியில் கட்டிய பாலம். அதுவரை கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் துறையில் காத்து நின்று, பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை ஓடாத நாளில் வலையிறவால் சுற்றிப் போக வேண்டும். பாலம் வந்ததும் படுவான்கரையின் பகல் நீண்டது. நெல் லொறிகள் நேரத்துக்கு வந்தன, படிப்பிக்கப் போன ஆசிரியைகள் இருட்டுமுன் வீடு திரும்பினார்கள், வலி கண்ட பெண்ணைத் தாமதமில்லாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிந்தது. அதே பாலத்தால் கறுப்புப் பையை முதுகில் கொளுவிய பொடியன்களின் மோட்டார் சைக்கிள்களும் போயின. கடன் கம்பனிகள் அதற்கு முன்பே அக்கரைக்குப் போய்விட்டன. பாலம் அவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. முன்னர் ஒரு காலையில் இரண்டு ஊருக்குப் போனவன் இப்போது நான்கு ஊருக்குப் போகலாம். போகலாம் என்பது போகத்தான் வேண்டும் என்று மாறுவதற்குக் கொழும்பில் யாரோ ஒருவர் கணினியில் ஒரு எண்ணைத் திருத்தினால் போதுமாயிருந்தது.

நுண்கடனைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. வட்டி பற்றி, பெண்கள் பட்ட பாடு பற்றி, கடைசியில் உயிரையே விட்டவர்கள் பற்றி. நான் பேச நினைப்பது அந்த மோட்டார் சைக்கிளில் வந்தவனைப் பற்றி. அவனும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். அவனுக்கு ஒரு கிளை மனேஜர் இருந்தார், அவருக்கு மேல் ஒரு வலய மனேஜர், அவருக்கும் மேல் ஒரு தலைமை அலுவலகம். ஒரு பெண்ணின் வளவுக்குள் நின்று அவன் போட்ட சத்தத்தில் எத்தனை பேருடைய குரல் இருந்தது?

நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஊரில் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்ப்பார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பிணை. கிழமையில் ஒரு நாள் யாராவது ஒருத்தியின் வளவில், மரநிழலில், ‘சென்டர்’ கூடும். கட்டுக்காசு முழுவதும் சேரும்வரை ஒருவரும் எழும்பிப் போக ஏலாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அல்லது எல்லாருமாக அவள் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். பங்களாதேசின் கிராமின் வங்கி உலகத்துக்குக் காட்டிய முறை இது. 2006இல் அந்த வங்கிக்கும் முகம்மது யூனுசுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது, சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களால் நிரம்பியிருந்த மட்டக்களப்பில் அந்தப் பெயரை உச்சரிக்காத பயிற்சிப் பட்டறை இல்லை. ஆனால் கிராமின் வங்கியே 2000களின் தொடக்கத்தில் கூட்டுப் பிணையைக் கைவிட்டுத் தன் முறையை மாற்றிவிட்டது. இங்கே கம்பனி நடத்தியவர்கள் அந்தப் பகுதியை வாசிக்கவில்லை, அல்லது வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அயலவளின் கண் முன்னால் வெட்கப்படுத்துவதுதான் அந்தப் பிணைக்குள் இருந்த பொறி. காசு செலவில்லாத பொறி.

கிளைக்குள்ளேயும் அதே பொறி வேலை செய்தது. இப்படியான ஒரு கம்பனியில் சில வருடம் இருந்துவிட்டு விலகிய ஒரு தம்பி சொன்னது இது. காலையில் கூட்டம். எல்லாரும் நிற்க வேண்டும். வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நேற்று வர வேண்டிய தொகையும் வந்த தொகையும். குறைத்து எடுத்தவனின் பெயர் சிவப்பில். அவன் முன்னுக்கு வந்து ஏன் குறைந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பொம்பிளையின் புருசன் ஆஸ்பத்திரியில் என்று அவன் சொன்னால் மனேஜர் சிரிப்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். சிரிக்க மனமில்லாதவனும் சிரித்துத்தான் ஆக வேண்டும், நாளைக்குச் சிவப்பில் இருக்கப் போவது யாரென்று தெரியாதே. பின்னேரத்தில் கடைசி ஆள் வந்து காசைக் கொடுக்கும்வரை கிளையைப் பூட்ட மாட்டார்கள். ஒருவன் அக்கரையில் ஒரு வாசலில் நின்றால் மற்ற அத்தனை பேரும் இங்கே குந்திக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போக முடியாத எரிச்சல் மனேஜர் மேல் போகாது, பிந்தி வருகிறவன் மேல்தான் போகும். இடையில் வட்ஸ்அப் குழுவில் மணிக்கு மணி தொகையைப் போட வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் குறைந்தால் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு நிரப்புகிறவர்களும் இருந்தார்களாம். அதைப் பெரிய காரியமாக அவன் சொல்லவில்லை.

மரத்தடியில் பெண்களைக் கட்டி வைத்த அதே முடிச்சு கிளையில் பொடியன்களையும் கட்டி வைத்தது. கட்டாதவள் எழும்ப ஏலாது. எடுக்காதவன் வீட்டுக்குப் போக ஏலாது. இதை யாரும் திட்டமிட்டு ஒன்றுபோல் அமைத்திருக்க மாட்டார்கள். ஒரு நிறுவனம் தன் ஊழியனை எப்படி நடத்துகிறதோ, அவனுக்குத் தெரிந்த ஒரே நடத்தையாக அது ஆகிவிடுகிறது. “இந்தக் கிழம ஏலாது மனே, வாற கிழம சேத்துத் தாறன்” என்று வாசலில் நிற்கிறவள் சொல்லும்போது, அவனிடம் அதைக் கேட்கக் காது இருந்தது, கொண்டுபோய்ச் சொல்ல இடம் இருக்கவில்லை. அந்தத் தம்பியின் தாயும் வேறொரு கம்பனியில் கடன் எடுத்திருந்தார். அவர்களுடைய வாசலுக்கு வேறொரு பொடியன் வருவான். இருவரும் தெருவில் கண்டால் கை காட்டிக்கொள்வார்கள்.

2018 செப்டெம்பரில், வெளிநாட்டுக் கடன் தொடர்பான ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து போனார். நுண்கடன் வசூலில் பெண்கள் சொல்லாலும் கையாலும் துன்புறுத்தப்படுவதையும், தவணைக்குப் பதிலாகப் பாலியல் இணக்கம் கேட்கப்படுவதையும், கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்க முன்வரும் அளவுக்குச் சிலர் போனதையும் அவர் பதிவு செய்தார். அதே ஆண்டில், வரட்சியால் அடிபட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நின்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். மட்டக்களப்பும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஆண்டு முடிகிற நேரத்தில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. எல்லாம் வேண்டியவைதான், பிந்தி வந்தவைதான். ஒன்றுகூட அந்தக் காலைக் கூட்டத்தைத் தொடவில்லை. கடன் கொடுக்கும் கம்பனியும் கடன்பட்ட பெண்ணும் அந்த ஏற்பாடுகளுக்குள் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவனுக்கு அங்கே இடமில்லை, வில்லனாகக் கூட.

வாசலில் அத்துமீறியவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தவணைக்கு ஈடாக ஒரு பெண்ணின் உடம்பைக் கேட்டவனை எந்த டார்கெட்டும் கேட்க வைக்கவில்லை. அது அவனுடைய ஈனம். சொல்ல வருவது சாதாரண நாட்களைப் பற்றி. ஈனமில்லாத, வீட்டில் தங்கச்சி உள்ள, கோயில் திருவிழாவில் காவடிக்குப் பின்னால் தண்ணீர் சுமந்து நடக்கிற பொடியன்கள் ஏழெட்டு மாதத்தில் ஒரு வயதான மனுசியை ‘நீ’ என்று கூப்பிடப் பழகிய விதம் பற்றி. அந்தப் பழக்கம் எங்கேயோ கற்பிக்கப்படுகிறது.

எங்கே என்று கேட்டால், கிளையில் மட்டும் என்று சொல்ல முடியாது. எங்கள் மனேஜர்களில் பலர் பட்டதாரிகள். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக ஆன வளாகத்திலோ, பேராதனையிலோ, யாழ்ப்பாணத்திலோ படித்து வந்தவர்கள். இலங்கையின் பல்கலைக்கழகங்களில் முதல் வருடப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. தலை குனிந்து நட, சீனியரைக் கண்டால் ஒதுங்கி நில், சொன்னதைச் சொல், சிரிக்கச் சொன்னால் சிரி. அடுத்த வருடம் அதே பிள்ளை அடுத்த அணியை வரிசையில் நிறுத்தும். கேட்டால் ஒரே மறுமொழி: “நாங்களும் பட்டுத்தான் வந்தம்.” இருபது வருடம் கழித்து, குளிரூட்டிய அறைக்குள், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் அதே வசனத்தை அதே தொனியில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பட்டதை ஒரு தகுதிச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டவர்களால், அதை அடுத்தவனுக்கு வழங்காமல் இருக்க முடிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பகிடிவதைக்கு எதிராக நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். உடலுக்கு வரும் காயத்தை மட்டுமில்லாமல், மன வேதனையையும் பயத்தையும் உண்டாக்குவதையே அது குற்றமாகக் கொள்கிறது. சட்டம் எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை, எழுத்திலாவது இருக்கிறது. அதே பிள்ளை பட்டம் பெற்று, ஒரு கம்பனியில் சேர்ந்து, காலைக் கூட்டத்தில் முன்னுக்கு நிறுத்தப்பட்டுக் கேலி செய்யப்பட்டால் அந்தச் சட்டம் அவனைத் திரும்பிப் பார்க்காது. அது கல்வி நிறுவனங்களின் சட்டம். வேலைத்தலத்துக்கு 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தைந்து மணி என்று நேரத்தை அளக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் தொல்லைக்கான பிரிவு திருத்தப்பட்டது. சிரித்து அவமானப்படுத்துவதை அளக்க இவற்றில் கோல் இல்லை. பத்தொன்பது வயது வரை, இருபத்துமூன்று வயது வரை பயப்படாமல் இருக்கும் உரிமை உண்டு, அதன் பிறகு சம்பளம் வாங்குவதால் அது போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரான்சில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பிரான்ஸ் டெலிகொம் நிறுவனம் தனியார் கைக்கு மாறிய பிறகு, 2006இலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் 22,000 பேரைக் குறைப்பதென்று முடிவெடுத்தது. ஊழியர்களில் பெரும் பகுதியினர் அரச ஊழியர் தகுதி உள்ளவர்கள், நிறுத்த முடியாது. அவர்களாகவே போக வேண்டும், அதாவது போக வைக்க வேண்டும். கதவாலோ யன்னலாலோ ஆட்களைப் போக வைப்பேன் என்று தலைவர் டிடியே லொம்பார் தன் அதிகாரிகளிடம் சொன்னது பிறகு நாடறிந்த செய்தியானது. இடமாற்றங்கள், தகுதிக்குக் கீழான வேலைகள், எத்தனை பேர் விலகினார்கள் என்பதோடு கட்டப்பட்ட மனேஜர்களின் ஊக்கத்தொகை. ஊழியர்கள் வரிசையாக உயிரை மாய்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வழக்கில் 39 பேருடைய கதை எடுக்கப்பட்டது: 19 பேர் இறந்தவர்கள், 12 பேர் இறக்க முயன்றவர்கள், மற்றவர்கள் மனம் நொறுங்கி வேலை செய்ய முடியாமல் போனவர்கள். 2019 டிசெம்பரில் லொம்பாரும் உடனிருந்த உயரதிகாரிகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேன்முறையீடுகள் எல்லாம் தாண்டி 2025 ஜனவரியில் நாட்டின் உச்ச மன்றமும் அதை நிலைநிறுத்தியது. தண்டனை சிறியது. சிறை கூட ஒத்திவைக்கப்பட்டதுதான். ஆனால் அந்த 39 பேரில் யாரையும் நேரில் ஏசாத, பெரும்பாலும் முகம்கூடத் தெரியாத மனிதர்கள், தாங்கள் வகுத்த கொள்கையால் அவர்களைத் துன்புறுத்தினார்கள் என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது. ஏச்சின் ஊற்று வாசலில் நிற்பவனின் வாய் இல்லை என்று அது கண்டுகொண்டது.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கிக் கதை எங்கள் கிளைக்கு இன்னும் கிட்ட. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்குகளைக் கட்டிவிட வேண்டும் என்று இலக்கு. மணிக்கு மணி மேலிருந்து கேட்பார்கள். கீழே இருந்தவர்கள் ஆட்களுக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். 2016இல் பிடிபட்டபோது 185 மில்லியன் டொலர் தண்டம். வங்கி 5,300 ஊழியர்களை வேலையால் நீக்கியிருந்தது, பெரும்பாலும் கீழ்ப்படியில் நின்றவர்கள். தலைவர் ஜோன் ஸ்டம்ப் முதலில் குற்றத்தை அந்த ஊழியர்கள் மேல் போட்டார். அடுத்த மாதம் தானும் விலகினார். எங்கள் பக்கத்தில் எதுவும் பிடிபட்டால் ‘சில உத்தியோகத்தர்களின் தனிப்பட்ட நடத்தை’ என்று ஒரு வசனம் வரும். அதுவும் அதே பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

இனி, ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பது. வேலை கிடைப்பது கஷ்டம் என்பது ஒரு காரணம், அதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இன்னும் இரண்டு தெரிகிறது.

ஒன்று, தொண்டு நிறுவனங்களின் காலம். 2004 டிசம்பருக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் வீடிழந்தவர்களுக்காக வந்த நிறுவனங்கள், 2007இல் படுவான்கரையில் யுத்தம் ஓய்ந்ததும் அங்கேயும் போயின. ஊரில் பெண்களைக் கூட்டி இருத்துவது, சேமிப்புக் கொப்பி போட்டுக் கொடுப்பது, ஒருவரையொருவர் நம்ப வைப்பது, இதெல்லாம் தெரிந்த நூற்றுக்கணக்கான இளைஞர் யுவதிகளை அவை வளர்த்தன. திட்டங்கள் முடிந்து வெள்ளை வாகனங்கள் போனபோது அந்தத் திறமைக்கு இருந்த ஒரே கேள்வி கடன் கம்பனிகளிடமிருந்து வந்தது. நேற்றுவரை சமூகத் தூண்டுனராக வந்த அதே தம்பி, அதே மரத்தடிக்கு, அதே பெண்களிடம் வந்தான். அவன் மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கையைக் கம்பனி ஒரு சதமும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டது. தான் விற்றது என்ன என்று பிறகு விளங்கிய ஒருவனால், மனேஜர் ஏசுகிறார் என்று யாரிடம் போய் முறையிட முடியும்?

மற்றது இன்னும் பழையது. 1987 ஜனவரி இறுதியில், மகிழடித்தீவில் வாவியை அண்டியிருந்த ஒரு இறால் பண்ணையில் வேலைக்குப் போனவர்கள் பலர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் தை மாதம் வந்தால் இன்றும் விளக்கேற்றுகிறார்கள். வெளிநாட்டு முதலீடு, ஏற்றுமதி, மாதச் சம்பளம் என்று அந்த ஊர்கள் கண்ட முதல் கம்பனி வேலைகளில் ஒன்று அது. அதை இங்கே எழுதுவது ஏச்சையும் கொலையையும் ஒரு தராசில் வைக்க இல்லை. வேலைக்குப் போன ஆள் திரும்பி வந்தால் போதும் என்று ஒரு தலைமுறை வாழ்ந்த இடம் இது. அந்தத் தாய்மாரிடம் மகன் வந்து, இன்றைக்கு எல்லார் முன்னாலும் மனேஜர் சிரித்துவிட்டார் என்று சொன்னால், அவர்கள் சோற்றைப் போட்டுக் கொடுப்பார்கள். வேறென்ன சொல்வார்கள்?

தலைமை என்றால் எங்களுக்குப் புதிது என்றும் இல்லை. கோயில் வண்ணக்கர் பதவிக்காக நீதிமன்றப் படி ஏறுகிறவர்கள் நாங்கள், ஆசைக்குக் குறைவில்லை. வயலில் நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் அதில் வேலை செய்யும் வயற்காரருக்கும் நடுவில் முல்லைக்காரன் என்று ஒருவன் இருந்தான். இன்றைய கிளை மனேஜரின் இடம்தான் அவனுடையதும். வித்தியாசம், அவனும் சேற்றில் நின்றான், விளைச்சல் பிழைத்தால் அவனுடைய பங்கும் பிழைத்தது. இதைச் சொன்னதும் அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது எழும்புவார்கள். இருங்கள். விதைநெல்லுக்கும் சாப்பாட்டுக்கும் போடியாரிடம் வாங்கியதைக் களத்தில் கழித்த பிறகு வெறும் சாக்கோடு வீடு போன வயற்காரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குக் கிழமைக் கடன் கட்டுகிறார்கள். கடன் எங்களுக்குப் புதிதல்ல, வெறும் முகவரிதான் மாறியிருக்கிறது.

தலைமைக்குப் பாடமாக எனக்குப் பயன்படுவதாகத் தெரிவது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். உன்னிச்சைக் குளத்துக் கீழ் விதைக்கிறவர்களோ நவகிரிப் பக்கத்தவர்களோ, போகம் தொடங்குமுன் கூடுவார்கள். தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது, எத்தனை மாத நெல் போடுவது, எல்லாம் அங்கேதான் தீர்மானம். மேசைக்குப் பின்னால் அரச அதிபரோ பிரதேச செயலாளரோ, பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர், விவசாய உத்தியோகத்தர்கள். முன்னால் விவசாயிகள். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏச்சு எந்தப் பக்கம் போகும் என்று. போன போகம் வாய்க்காலைத் திருத்தாத பொறியியலாளரை, வாய்க்காலில் நின்றவன் எழும்பி நின்று, ஐயா என்று தொடங்கி, ஐயாவை வைத்துக்கொண்டே கிழிப்பான். பொறியியலாளர் கேட்டுக்கொண்டு இருப்பார். இருந்தே ஆக வேண்டும். வயல் வட்டைகளுக்குப் பொறுப்பான வட்டவிதானைமார் கணக்கோடு வந்திருப்பார்கள். சத்தம், இரைச்சல், சில நேரம் வெளிநடப்பு. மாடு வைத்திருப்பவனுக்கும் வயல் செய்பவனுக்கும் அங்கேயே முறுகும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை தீராதவரை அது தீரப்போவதும் இல்லை. ஆனாலும் பின்னேரம் திகதிகள் எழுதப்பட்டிருக்கும், எல்லாரும் அதற்குக் கட்டுப்படுவார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் யாருடைய வயலை விடுவது என்பதைக் கூட அந்தச் சத்தத்துக்குள்தான் முடிவெடுக்கிறார்கள்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், வருடத்துக்கொரு முறை சில பெரிய கம்பனிகள் தங்கள் மனேஜர்களைப் பாசிக்குடாவுக்குக் கூட்டி வருகின்றன. தலைமைத்துவப் பயிற்சி. கடலை ஒட்டிய புல்தரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கிறார்கள், கயிறு இழுக்கிறார்கள், பலூன் ஊதுகிறார்கள். இரவில் பாட்டு. அடுத்த நாள் திரையில் ‘செவிமடுத்தல்’ என்று ஒரு சிலைட் போகிறது. அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரத்தில், கிழிபடச் சம்மதித்து ஒரு பொறியியலாளர் பகல் முழுக்கக் கதிரையில் இருக்கும் மண்டபம் ஒன்று இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஹோட்டலில் அதைக் காட்ட முடியாது என்பதும் உண்மைதான். கீழே உள்ளவனுக்கு எழும்பி நிற்க உரிமை இல்லாத இடத்தில் செவிமடுக்க என்ன இருக்கிறது?

அந்தத் தம்பியிடம் திரும்பி வருகிறேன், ஏனெனில் அவனுக்கு இரண்டாவதாக ஒரு மனேஜர் வந்தார். ஒரு பெண். எங்கள் பக்கத்துக்காரர்தான். வந்த கிழமை வெள்ளைப் பலகையைச் சுவரோடு திருப்பி வைத்தார். கூட்டத்தில் எல்லாரையும் இருக்கச் சொன்னார். யாராவது கட்ட ஏலாமல் இருந்தால் பத்து மணிக்கு முதல் எனக்குச் சொல்லுங்க, நீங்க சத்தம் போட வேணாம், நான் வாறன் என்றார். வந்தார். வளவுக்குள் போனால் வாசலில் நிற்காமல் உள்ளே போய்த் திண்ணையில் இருந்து, கொப்பியை வாங்கிப் பார்த்து, இந்த மனுசிக்கு இந்தக் கடனைக் கொடுத்ததே நாங்க செய்த பிழை என்று உத்தியோகத்தனிடம் அவள் முன்னாலேயே சொல்வாராம். நாலு மணிக்குப் பிறகு ஒருவரும் ஒரு வாசலிலும் நிற்கக் கூடாது. வட்ஸ்அப் குழு இருந்தது, ஒரு நாளைக்கு ஒரு தரம் தொகை போட்டால் போதும்.

மாதக் கூட்டத்துக்கு அவர் வலய அலுவலகத்துக்குப் போய் வருவார். அங்கே என்ன நடந்தது என்று கிளையில் சொன்னதே இல்லை. வான் ஓட்டியவர் பிறகு சொல்லித்தான் தெரியும்: மற்ற மனேஜர்கள் இருக்க, இவரை மட்டும் நிற்க வைத்துக் கேட்டார்களாம். நாலைந்து மாதம் அப்படி. திரும்பி வரும் வழியில் களுவாஞ்சிகுடியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வானில் ஏறுவாராம். ஏச்சு அவரோடு நின்றது. தனக்குக் கீழே ஒரு படியும் அதை இறங்க விடவில்லை. தலைமை பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இதற்கு அத்தியாயம் இல்லை. அவை எல்லாம் மேலே போகும் வழியையே சொல்கின்றன.

இந்தக் கதையை இனிப்பாக முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி அதே வட்டி, பிணை அதே பிணை. கூடாத வியாபாரத்தை மரியாதையாக நடத்தினால் அது நல்ல வியாபாரம் ஆகிவிடாது. கட்ட முடியாத கடனைக் கனிவாகக் கேட்டாலும் கட்ட முடியாதுதான். அந்தப் பெண்ணும் காசு எடுக்கத்தான் வந்தார். அவர் இருந்த காலத்தில் சில பேர் இரவில் நித்திரை கொண்டார்கள், அவ்வளவுதான் என்று தம்பி சொன்னான். பிறகு, அவ்வளவும் தான் என்றான். அவருக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் பலகையைத் திருப்பினார்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோலுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் எழுபது சதவீதத்தைத் தொட்டது. சைக்கிளில் போயாவது எடுத்துக்கொண்டு வா என்று கிளையில் சொன்னார்களாம். மண்முனைப் பாலத்தில் கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்துப் போய், சோறு வடிக்காத வீட்டில் கட்டுக்காசு கேட்கிற வேலை. இப்போது வாசலுக்கு வருவது குறைந்து, தொலைபேசியில் கேட்பது கூடியிருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே கடன், கட்டாவிட்டால் அதே தொலைபேசியில் ஏச்சு. எடுக்கிற குரல் இளம் பெண்ணின் குரல், சில நேரம் எங்கள் ஊர்ப் பேச்சு. அவள் பக்கத்திலும் யாரோ நின்று எத்தனை அழைப்பு என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தம்பி 2022 கடைசியில் விலகினான். விலகல் கடிதத்தில் ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ என்று எழுதியிருந்தான். அந்த வருடம் அந்தக் கிளையை விட்டுப் போன எல்லாரும் அதையேதான் எழுதினார்களாம், ஒரு எழுத்து மாறாமல். ஏன் என்று கேட்டேன். மனேஜரின் கணினியில் அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் இருந்ததாம். பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி அச்செடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டியது. கையெழுத்து வைத்த பிறகுதான் பிடித்து வைத்திருந்த கடைசி மாதச் சம்பளம்.